ஓர்கன் என்று நாம் சொல்லும் பெட்டி: மின் ஓர்கன் பற்றி ஓர் எளிய அறிமுகம்

மட்டக்களப்பில் கல்யாண வீடோ கோயில் திருவிழாவோ, மேடையில் இசைக்குழு ஏறுவதற்கு முன் யாராவது ஒருவர் கேட்பார்: "ஓர்கன்காரர் வந்துட்டாரா?" வருகிறவர் உறையில் போட்டுத் தோளில் கொண்டுவருவது யமஹாவோ கசியோவோ, ஒரு கீபோர்ட். அதில் பியானோ இருக்கும், வயலின் இருக்கும், தபேலா தாளமும் இருக்கும். இருந்தாலும் எங்கள் பக்கத்தில் அதற்குப் பெயர் ஓர்கன்தான். கல்லடியில் என்னிடம் வாசிக்கப் பழகும் பிள்ளைகள் "சேர், இண்டைக்கு ஓர்கன் கிளாஸ் இருக்கா?" என்றுதான் கேட்கிறார்கள். அந்தப் பெட்டியில் உள்ள நூற்றுக்கணக்கான ஓசைகளில் ஓர்கன் என்பது ஒரு சிறு பகுதி. அந்தச் சிறு பகுதியின் பெயர் முழுப் பெட்டிக்கும் எப்படி வந்தது என்பதைச் சொல்ல வேண்டும் என்றால் ஓர்கன் என்றால் என்ன என்பதில் இருந்து தொடங்க வேண்டும்.

கோயில் மணியையும் சங்கையும் நினைத்துக்கொள்ளுங்கள். மணியை ஒருமுறை அடித்தால் ஓசை பெரிதாக எழும்பி, பிறகு தானே தேய்ந்துபோகும். அதை அடித்தவரால் நிறுத்திவைக்க முடியாது. சங்கு அப்படி இல்லை. ஊதுபவரின் மூச்சு இருக்கும் வரைக்கும் ஓசை நிற்கும். பியானோ மணியின் சாதி, ஓர்கன் சங்கின் சாதி. ஓர்கனில் ஒரு கட்டையை அழுத்திப் பிடித்தால் விரலை எடுக்கும் வரை அந்தச் சுரம் குறையாமல் நிற்கும். மெதுவாக அழுத்தினாலும் ஓங்கி அழுத்தினாலும் ஒரே அளவு ஓசைதான். கூட்டிக் குறைக்க வேண்டும் என்றால் அதற்குக் காலடியில் தனியாக ஒரு மிதி இருக்கும். ஆர்மோனியம் வாசித்தவர்களுக்கு இது உடனே புரியும். அங்கே கை துருத்தியை இழுக்கும், இங்கே கால் அந்த வேலையைச் செய்யும்.

பழைய ஓர்கன் என்பது ஐரோப்பியத் தேவாலயங்களின் குழாய் ஓர்கன். நூற்றுக்கணக்கான, சில இடங்களில் ஆயிரக்கணக்கான குழாய்கள். ஒவ்வொன்றும் ஒரு புல்லாங்குழல் மாதிரி. அதைப் பொருத்த ஒரு சுவரே வேண்டும், பணமும் நிறைய வேண்டும். எங்கள் பகுதியின் சிறிய தேவாலயங்களுக்கு வந்தது காலால் மிதித்துக் காற்று ஊட்டும் ஆர்மோனியம். நான் முதலில் விரல் வைத்தது அப்படி ஒன்றில்தான். போர்க்காலத்தில் கரண்ட் இல்லாத மாலைகளில் மெழுகுதிரி வெளிச்சத்தில் அது தன்பாட்டுக்கு வேலை செய்தது. கால் ஓய்ந்தால் பாட்டும் ஓயும். அவ்வளவுதான் அதன் சட்டம்.

மணிக்கூட்டுக்காரர் செய்த ஓர்கன்

மின் ஓர்கனின் கதையில் முதலில் வரவேண்டிய பெயர் லோரன்ஸ் ஹமண்ட். அமெரிக்காவின் சிக்காகோ நகரில் இருந்தவர். அவர் இசைக்கலைஞர் இல்லை, பொறியியலாளர். அவருடைய தொழில் மின்சார மணிக்கூடு செய்வது. அந்த மணிக்கூடுகளுக்குள் ஒரு விசேஷமான மோட்டார் இருந்தது. வீட்டுக்கு வரும் மின்சாரம் ஒரு செக்கனுக்கு எத்தனை தடவை திசை மாறித் திரும்புகிறதோ, அதற்குச் சரியாகக் கட்டுப்பட்டுச் சுற்றும் மோட்டார். அமெரிக்காவில் அந்த எண் 60. மின் நிலையம் அந்த எண்ணைக் காப்பாற்றும் வரை மோட்டார் வேகம் கூடாது, குறையாது. மணிக்கூட்டுக்கு வேண்டியது அதுதான். சுரம் பிசகாமல் நிற்க வேண்டிய வாத்தியத்துக்கும் அதுவேதான் வேண்டும் என்று அவர் கண்டுபிடித்தது பெரிய விஷயம். 1934இல் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. 1935இல் ஹமண்ட் ஓர்கன் விற்பனைக்கு வந்தது.

பெட்டிக்குள் நடப்பது இதுதான். ஒரு சிறிய உருக்குத் தட்டு. அதன் விளிம்பில் பற்கள் மாதிரி மேடும் பள்ளமும். பக்கத்தில் கம்பி சுற்றிய ஒரு காந்தக் கோல். தட்டுச் சுற்றும்போது ஒவ்வொரு மேடும் காந்தத்தைக் கடக்கும், கடக்கும் ஒவ்வொரு தடவையும் கம்பிச் சுருளில் ஒரு சின்ன மின் அலை எழும். செக்கனுக்கு எத்தனை மேடு கடக்கிறதோ அத்தனை அலை. அந்த அலையைப் பெருக்கி ஒலிபெருக்கிக்கு அனுப்பினால் ஒரு சுரம் கேட்கும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உலகம் முழுதும் வாத்தியங்களைச் சுதி சேர்க்கும் ஏ சுரம் செக்கனுக்கு 440 அதிர்வு. ஹமண்டின் மோட்டார் செக்கனுக்கு 20 சுற்று. இடையில் 88 பல்லும் 64 பல்லும் உள்ள இரண்டு சக்கரங்களை வைத்து அதை 27.5 சுற்றாக்குகிறார்கள். அந்த வேகத்தில் சுற்றும் தட்டில் 16 மேடு. 27.5ஐ 16ஆல் பெருக்கினால் 440. புள்ளி பிசகாது. இப்படி 91 தட்டுகள் ஒரே பெட்டிக்குள் ஒன்றாகச் சுற்றுகின்றன. நீங்கள் வாசித்தாலும் வாசிக்காவிட்டாலும் அவை சுற்றிக்கொண்டுதான் இருக்கும். கட்டையை அழுத்துவது, ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கும் ஒரு சுரத்துக்குக் கதவைத் திறந்துவிடுவது மட்டும்தான்.

இதில் எங்கள் ஊருக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. இலங்கையின் மின்சாரம் 50 சுழற்சி. அமெரிக்காவில் இருந்து பழைய ஹமண்ட் ஒன்றை யாராவது கப்பலில் கொண்டுவந்து, வோல்டேஜைக் குறைக்க ஒரு ட்ரான்ஸ்ஃபோமரும் வைத்து, மட்டக்களப்பில் போட்டால் அது வாசிக்கும், ஆனால் மோட்டார் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுற்றும். 440 என்று வரவேண்டிய ஏ சுரம் ஏறத்தாழ 367க்கு இறங்கி, எஃப் ஷார்ப்புக்கும் கொஞ்சம் கீழே கேட்கும். கறுப்பு வெள்ளை எல்லாம் சேர்த்து எண்ணினால் மூன்று கட்டைக்கு மேலான இறக்கம். கூட வாசிக்கும் கிற்றார்காரர் பாவம். கரண்ட் போய் ஜெனரேட்டர் போட்டால் இன்னும் கஷ்டம். ஜெனரேட்டரின் வேகம் தளம்பினால் பாட்டின் சுதியும் கூடவே தளம்பும். 50 சுழற்சி நாடுகளுக்கு அவர்கள் வேறு மோட்டார் போட்டுத்தான் அனுப்பினார்கள்.

ஒன்பது கோல்கள்

இனி ஓசையின் நிறத்துக்கு வருவோம். தனியாக ஒரு தட்டுத் தரும் ஓசை மிக எளிமையானது, விசில் மாதிரி. வாயில் வைத்தால் வெறும் சோற்றின் சுவை. அதற்குக் கறி சேர்க்கத்தான் ஹமண்டில் ட்ரோபார் என்ற ஒன்பது கோல்கள் இருக்கின்றன. விரலால் இழுக்கும் சின்னக் கோல்கள், ஒவ்வொன்றிலும் ஒன்று முதல் எட்டு வரை எண். ஒரு கோல் நீங்கள் அழுத்திய சுரத்தைத் தரும். இன்னொன்று அதற்கு ஒரு ஸ்தாயி கீழே உள்ளதைச் சேர்க்கும். மற்றவை மேல் ஸ்தாயி ஷட்ஜம், பஞ்சமம், காந்தாரம் என்று மேலே மேலே தூவிக்கொண்டு போகும். எதை எவ்வளவு இழுக்கிறீர்களோ அப்படி ஓசை மாறும். முதல் மூன்றை முழுக்க இழுத்து மற்ற ஆறையும் மூடிவிட்டால் தடித்த, வட்டமான ஓசை. எல்லாவற்றையும் இழுத்தால் கோயில் நிறைந்து கூட்டம் பாடுவது மாதிரி ஓர் ஓசை.

இது ஏதோ வெளிநாட்டு விஞ்ஞானம் என்று நினைக்க வேண்டாம். தம்புராவின் மந்தர ஷட்ஜத் தந்தியை மீட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் காது கொடுத்தால், யாரும் மீட்டாத ஓர் அந்தர காந்தாரம் மெல்ல எழும்பி வருவது கேட்கும். தந்தி ஒன்று அதிரும்போது அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு மடங்கு, ஐந்து மடங்கு அதிர்வுகளும் உள்ளே சேர்ந்தே அதிர்கின்றன. அந்த ஐந்தாவது மடங்குதான் காந்தாரம். ஹமண்டின் ஏழாவது கோல் தருவதும் அதே ஐந்தாவது மடங்கைத்தான். ஒரு வித்தியாசம், தம்புராவில் அது இயற்கையான காந்தாரம், ஹமண்டில் பக்கத்துத் தட்டில் இருந்து கடன் வாங்கியது. அதனால் ஒரு நூல் கூடுதலாக நிற்கும். ஓர்கனின் ஓசையில் உள்ள மெல்லிய உராய்வுக்கு இதுவும் ஒரு காரணம். காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர் 1947இல் வெளியான தம் யாழ் நூலில், மறைந்துபோன யாழ்களைத் தந்தியின் நீளம், சுரங்களின் விகிதம் என்று கணக்கு வைத்தே மீட்டெடுக்கப் பார்த்தார். ஓசைக்குள் எண் இருக்கிறது என்பதை எங்கள் கிழக்குக் கரை மனிதர் ஒருவர் தமிழில் எழுதிவைத்திருக்கிறார். அதனால் ஓர்கன் பழகும் பிள்ளைகளுக்கு நான் ட்ரோபாரைத் தம்புராவில் இருந்துதான் சொல்லிக்கொடுக்கிறேன்.

பிழையென்று நினைத்தது அழகானது

ஹமண்ட் இந்த வாத்தியத்தை எதற்குச் செய்தார் தெரியுமா? குழாய் ஓர்கன் வாங்க வசதியில்லாத தேவாலயங்களுக்கும் வீடுகளுக்கும் மலிவான மாற்றாக. குழாய் ஓர்கன் செய்யக்கூடிய எல்லாவற்றையும் இதுவும் செய்யும் என்ற தோரணையில் விளம்பரம் வந்தது. குழாய் ஓர்கன் செய்பவர்கள் விடவில்லை. வழக்கு அமெரிக்க அரசின் வர்த்தக ஆணைக்குழு வரை போய், 1938இல் அந்த விளம்பர வாசகங்கள் சிலவற்றை நிறுத்தும்படி உத்தரவு வந்தது. நகல் என்று பார்த்தால் அது உண்மையிலேயே முழு நகல் இல்லை. என்னைக் கேட்டால், அது நகலாகத் தோற்றதுதான் நமக்குக் கிடைத்த அதிர்ஷ்டம். குழாய் ஓர்கனை அச்சாகக் கொண்டுவந்திருந்தால் அது தேவாலயத்துக்குள்ளேயே இருந்திருக்கும்.

எடுத்துக்காட்டாக ஒன்று. கட்டையை அழுத்தும்போது உள்ளே ஒன்பது சின்ன மின் தொடுகைகள் ஏறத்தாழ ஒரே நேரத்தில் பொருந்துகின்றன. ஓடிக்கொண்டிருக்கும் அலையின் நடுவில் கதவு திறப்பதால் ஒரு "டிக்" ஓசை வரும். பொறியியலாளர்களுக்கு அது பெரிய தலையிடி, அதைக் குறைக்கப் பாடுபட்டார்கள். வாசித்தவர்களோ அந்த "டிக்" வேண்டும் என்றார்கள். அதனால்தான் வேகமாக ஓடும் சுரங்கள் ஒவ்வொன்றும் மிருதங்கத்தில் விரல் பட்டது போலத் தெளிவாகக் கேட்கின்றன. இன்றைக்கு டிஜிட்டல் கீபோர்ட் செய்பவர்கள் அந்த "டிக்"கைத் தேடிப் பிடித்து உள்ளே சேர்க்கிறார்கள், கூடுதலாகவும் குறைவாகவும் வைக்க ஒரு பொத்தானும் கொடுக்கிறார்கள்.

இன்னொன்று லெஸ்லி ஒலிபெருக்கி. டொன் லெஸ்லி என்பவர் ஹமண்ட் ஓர்கன் ஒன்றை வாங்கி வீட்டில் வைத்தபோது, பெரிய கடையில் கேட்ட அழகு சிறிய அறையில் இல்லை என்று உணர்ந்தார். குழாய் ஓர்கனில் ஓசை பல திசைகளில் இருந்து வருகிறது, இங்கே ஒரே இடத்தில் இருந்து வருகிறது. அப்படியானால் ஓசையையே சுற்றவிட்டால் என்ன? மரப்பெட்டி ஒன்றின் மேல் பகுதியில் சுழலும் கொம்பு, கீழ்ப்பகுதியில் சுழலும் ஒரு பீப்பா. 1940களின் தொடக்கத்தில் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தார். கல்முனை வீதியில் நிற்கும்போது பஸ் ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு வருவதை நினைத்துப் பாருங்கள். கிட்ட வரும்போது ஓசை சற்றே உயர்ந்தும், தாண்டிப் போனதும் தாழ்ந்தும் கேட்கும். லெஸ்லியின் கொம்பு ஒவ்வொரு சுற்றிலும் உங்களை நோக்கி வந்து விலகிப் போகிறது. அதனால் சுரம் மெல்ல உயர்ந்து தாழ்ந்து, கூடவே ஓசையும் கூடிக் குறைந்து நடுங்குகிறது. சின்ன வயதில் மேசை மின்விசிறிக்கு முன்னால் வாயை வைத்து "ஆ" என்று கத்திய எல்லாருக்கும் அந்த நடுக்கம் தெரியும்.

லெஸ்லிக்கு இரண்டு வேகம் உண்டு. மெதுவாகச் சுற்றினால் கடல் காற்று மாதிரி ஓர் அசைவு, வேகமாகச் சுற்றினால் உணர்ச்சி முட்டி நடுங்கும் குரல் மாதிரி. பாட்டின் உச்சத்தில் வாசிப்பவர் ஒரு சுவிட்சைத் தட்டி, மெதுவில் இருந்து வேகத்துக்குப் போவார். ஹமண்ட் இந்தப் பெட்டியை விரும்பவில்லை. ஆனால் உலகம் இன்று ஹமண்ட் ஓசை என்று சொல்வது இரண்டும் சேர்ந்த ஓசையைத்தான்.

தேவாலயத்தில் இருந்து தெருவுக்கு

அமெரிக்காவில் கறுப்பின மக்களின் தேவாலயங்கள் ஹமண்டைக் கையில் எடுத்தன. அங்கே ஓர்கன் வெறும் பாட்டுக்குத் துணை இல்லை. பிரசங்கம் செய்பவர் ஒரு வசனம் சொல்ல, ஓர்கன் ஒரு சுரத்தால் "ஓம்" கொட்டும். அவர் குரல் உயர அதுவும் உயரும். வில்லுப்பாட்டில் பக்கப்பாட்டுக்காரர் "ஆமா" போடுவது நினைவுக்கு வருகிறதா? அந்த உறவுதான்.

அங்கிருந்து அது ஜாஸுக்குப் போனது. 1954இல் வந்த பி3 மாதிரிதான் ஹமண்ட் ஓர்கன்களில் மிகப் புகழ்பெற்றது. கட்டையை அழுத்தியவுடன் ஒரு சிறு தட்டல் கேட்கும் வசதியை அதில் சேர்த்திருந்தார்கள். ஓர்கன் கலைஞர் ஜிம்மி ஸ்மித் 1956இல் முதல் இசைத்தட்டை வெளியிட்டபோது கேட்டவர்கள் திகைத்துப்போனார்கள். வலக்கை தனி ஆவர்த்தனம், இடக்கையும் காலும் சேர்ந்து பேஸ் என்ற கீழ்ச்சுர ஓட்டம். பக்கத்தில் ஒரு கிற்றார், ஒரு ட்ரம்ஸ், அவ்வளவுதான். பேஸ் வாசிக்கத் தனியாக ஆள் வேண்டாம் என்பதால் சின்ன விடுதிகளுக்கும் செலவு குறைந்தது. எங்கள் ஊரில் சின்னக் கொண்டாட்டங்களுக்கு ஓர்கன்காரர் ஒருவரே தாளத்தையும் பேஸையும் பெட்டியில் போட்டுவிட்டு முழுக் கச்சேரியும் நடத்துகிறாரே, அதே கணக்கு.

ரொக் இசைக்கு அது வந்த கதையில் எனக்குப் பிடித்த இடம் 1965. அமெரிக்கப் பாடகர் பொப் டிலனின் ஒலிப்பதிவுக்கு வந்த அல் கூப்பர் கிற்றார் வாசிப்பவர். கிற்றாருக்குத் தன்னைவிடத் திறமான ஆள் இருப்பதைக் கண்டு, காலியாக இருந்த ஓர்கனில் போய் உட்கார்ந்தார். அவருக்கு ஓர்கன் சரியாகத் தெரியாது. மற்றவர்கள் எந்தக் கோர்டுக்கு, அதாவது எந்தச் சுரக்கூட்டுக்குப் போகிறார்கள் என்று காதால் கேட்டுவிட்டு, கொஞ்சம் பிந்தி உள்ளே வந்தார். டிலனோ ஓர்கனின் ஓசையைக் கூட்டச் சொன்னார். "லைக் எ ரோலிங் ஸ்டோன்" பாட்டில் இன்றைக்கும் அந்தப் பிந்துதலைக் கேட்கலாம். பாட்டுக்கு ஒரு தனி நடையைக் கொடுத்ததே அதுதான். 1967இல் புரோகோல் ஹாரம் குழுவின் "எ வைட்டர் ஷேட் ஒஃப் பேல்" பாட்டில் மத்தியூ ஃபிஷர் வாசித்த ஓர்கன் மெட்டு அவ்வளவு முக்கியமானதாக இருந்ததால், 2009இல் பிரித்தானியாவின் அப்போதைய அதியுயர் நீதிமன்றமான பிரபுக்கள் சபை அவரையும் அந்தப் பாட்டின் இசையை ஆக்கியவர்களில் ஒருவராக ஏற்றது. டீப் பர்ப்பிள் குழுவின் ஜோன் லோர்ட் கிற்றாருக்கான மார்ஷல் பெருக்கியில் ஓர்கனைக் கொடுத்து, அதை உறுமவைத்தார்.

ஒரு குறை மட்டும் தீரவில்லை. கதிரையும் கால்மிதிகளும் சேர்த்து ஒரு பி3 ஏறத்தாழ 190 கிலோ. இரண்டு பேர் தூக்கிப் படியேற்ற முடியாது. அப்போதுதான் ட்ரான்சிஸ்டர் கைகொடுத்தது. சக்கரம் இல்லை, மோட்டார் இல்லை. பன்னிரண்டு சுரங்களுக்கும் பன்னிரண்டு மின் சுற்றுகள். ஒவ்வொன்றின் அதிர்வையும் பாதி, பாதியாகப் பிரித்துக் கீழ் ஸ்தாயிகள். மடித்துப் பெட்டியில் வைத்து வான் வண்டியில் ஏற்றலாம். காம்போ ஓர்கன் என்று இவற்றுக்குப் பெயர். பிரித்தானியாவின் வொக்ஸ் கொன்டினென்டல் 1962இல் வந்தது, கறுப்பு வெள்ளைக் கட்டைகளை இடம் மாற்றி. இத்தாலியின் ஃபார்ஃபிசாவும் பின்னால் வந்தது. இவற்றின் ஓசை மெலிந்தது, கொஞ்சம் கீச்சென்றது. அனிமல்ஸ் குழுவின் 1964ஆம் ஆண்டுப் பாட்டில் அலன் பிரைஸும், டோர்ஸ் குழுவில் ரே மன்சாரெக்கும் அந்தக் கீச்சை அவ்வளவு அழகாகப் பயன்படுத்தினார்கள். ஜமெய்க்காவில் ஜக்கி மிட்டூ போன்றவர்கள் ஓர்கனைத் தாளத்தின் இடைவெளிகளில் குமிழி மாதிரிக் குத்திக் குத்தி வாசித்து அந்த நாட்டு ரெகே இசையின் நாடியாகவே ஆக்கினார்கள்.

எங்கள் பெட்டிக்கு அந்தப் பெயர்

இந்தப் பக்கம் மின் கட்டை வாத்தியம் திரைப்படத்தின் வழியாகத்தான் பலருடைய காதுக்கு வந்தது. பாம்பாட்டியின் மகுடி என்றதும் எல்லாருக்கும் நினைவு வரும் அந்த மெட்டு, 1954ஆம் ஆண்டு ஹிந்திப் படமான "நாகின்"இல் இருந்து வந்தது. அதில் மகுடியாகக் கேட்பது கிளவியோலின் என்ற சின்ன மின் கட்டை வாத்தியம், வாசித்தவர் கல்யாண்ஜி. ஒரே நேரத்தில் ஒரு சுரம் மட்டும் தரும் அதை ஓர்கன் என்று சொல்ல முடியாது, ஒரு தூரத்து உறவு. 70களில் தமிழ்ப் படப் பாடல்களின் இடையிசையில் காம்போ ஓர்கன் வழக்கமானது. இளையராஜா இசையமைப்பாளர் ஆவதற்கு முன் மற்றவர்களின் ஒலிப்பதிவுகளில் கிற்றாரும் காம்போ ஓர்கனும் வாசித்தவர். அந்தப் பாட்டுகளை மேடையில் வாசிக்க எங்கள் இசைக்குழுக்களுக்கும் ஓர் ஓர்கன் தேவைப்பட்டது.

அமெரிக்காவில் பி3 உற்பத்தி 1974இல் நின்றது. 1980இல் கசியோ தன் முதல் கீபோர்டை வெளியிட்டது. பின்னால் வந்த சின்னப் பெட்டிகள் கைக்கு எட்டும் விலையில் வெளிநாட்டில் இருந்து வந்தவர்களின் பயணப் பெட்டிகளிலும் வந்து சேர்ந்தன. மேடையில் ஓர்கன் இருந்த இடத்தில் அவற்றை வைத்தார்கள். கருவி மாறியது, பெயர் அங்கேயே இருந்துவிட்டது. அதனால் பிள்ளைகள் ஓர்கன் கிளாஸ் என்று சொல்லும்போது நான் திருத்துவதில்லை.

வீட்டில் கீபோர்ட் இருந்தால் இன்றைக்கே முயன்று பாருங்கள். ஓர்கன் ஓசைகளில் ஜாஸ் ஓர்கன் அல்லது ரொக் ஓர்கன் என்று இருப்பதை எடுங்கள். விரலை எடுத்த பிறகும் ஓசையை நீட்டிவைக்கும் சஸ்டெயின் மிதியைத் தொடாதீர்கள். உண்மையான ஓர்கனில் அது இல்லை. ஒரு சுரத்தில் இருந்து அடுத்ததற்கு விரலை விரலால் தொட்டுத் தொடுத்துப் போக வேண்டும். ஒரு விரலை முந்தி எடுத்தால் ஓசை அறுந்துபோகும். அதைக் காது உடனே பிடிக்கும், கொஞ்ச நாளில் விரல் தானே பழகும். பிறகு ரொட்டரி என்றோ லெஸ்லி என்றோ எழுதிய பொத்தான் இருக்கிறதா என்று தேடுங்கள். சில பெட்டிகளில் அது ஓசையை அசைக்கும் மொடியுலேஷன் சக்கரத்தில் இருக்கும். ஒரு கோர்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு மெதுவில் இருந்து வேகத்துக்கு மாற்றுங்கள். நல்ல பெட்டியாக இருந்தால் நடுக்கம் உடனே வேகம் பிடிக்காது. ஓரிரு செக்கன் எடுத்து மெல்ல மெல்லத்தான் ஏறும். உள்ளே சுற்றுவதற்கு எதுவும் இல்லை, இருந்தாலும் லெஸ்லியின் மரப்பெட்டிக்குள் இருந்த கொம்பின் பாரத்தையும் சேர்த்தே கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள்.